ஸ்பிரிங்பாக் மான் முதல் அல்ல

ஆப்பிரிக்க விலங்கு இடம்பெற்ற முதல் தபால்தலை, தென்னாப்பிரிக்கா 1926-இல் வெளியிட்ட அரை பென்னி ஸ்பிரிங்பாக் மான்தான் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. லைபீரியா 1892-லேயே யானையைப் போட்டுவிட்டது. 1894-இல் காங்கோ தபால்தலையில் யானை வேட்டைக் காட்சி வந்தது. 1901-இல் இன்றைய வட மொசாம்பிக் பகுதியை நிர்வகித்த நியாசா கம்பெனி ஒட்டகச்சிவிங்கியை வெளியிட்டது. அழகில் எனக்கு அதற்கு ஈடு இல்லை.

அப்புறம், ஸ்பிரிங்பாக் தபால்தலைகளில் இரண்டு மொழிகள் இருப்பது அச்சுப்பிழை அல்ல. ஒரே தாளில் ஒரு தபால்தலை ஆங்கிலத்தில், அடுத்தது ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் என மாறி மாறி வரும்படி வேண்டுமென்றே அச்சிட்டார்கள். சேகரிப்பவர்கள் இரண்டும் ஒட்டியிருக்கும் ஜோடியைத்தான் தேடுவார்கள். தயவுசெய்து 'பிழையான தபால்தலை' என்று நம்பி யாரும் ஜோடியைக் கிழித்துப் பிரிக்க வேண்டாம்.