விதி இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எந்த வரியில் இருக்கிறது என்று கேளுங்கள்

நெட்வொர்க்கில் எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று விதிகளை வைத்து முடிவெடுக்கும் ஃபயர்வாலைத் தணிக்கை செய்கிறோம் என்ற பெயரில் பல அலுவலகங்களில் நடப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. "டேட்டாபேஸின் 3306 போர்ட்டைத் தடுத்திருக்கிறீர்களா?" "தடுத்திருக்கிறோம்." ஒரு டிக் விழுகிறது, அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அந்தத் தடை எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸ், விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. பொருந்துகிற முதல் விதி, வந்த பாக்கெட்டை (தரவுத் துண்டை) அனுமதித்துவிட்டாலோ நிராகரித்துவிட்டாலோ அந்தப் பட்டியலில் பேச்சு முடிந்தது. 3ஆவது வரியில் 10.0.0.0/8 (10 என்று தொடங்கும் முகவரிகள்) முழுவதையும் உள்ளே விட்டுவிட்டு, 9ஆவது வரியில் அதன் ஒரு பகுதியான 10.5.7.0/24இலிருந்து டேட்டாபேஸுக்கு யாரும் வரக்கூடாது என்று எழுதினால், அந்த 9ஆவது வரி இருந்தும் இல்லாததுதான். வரி எண்ணோடும், ஒவ்வொரு விதிக்கும் எத்தனை பாக்கெட்டுகள் பொருந்தின என்று காட்டும் கவுன்ட்டரோடும் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: 3க்கு எதிரே லட்சக்கணக்கில் பாக்கெட்டுகள், 9க்கு எதிரே பூஜ்யம். பூஜ்யம் என்றால் யாரும் முயலவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். அதனால் அந்த நெட்வொர்க்கிலிருந்தே ஒரு முறை இணைத்துப் பார்த்துவிடுவதுதான் சரி. அவசரத்தில் விதி சேர்ப்பவர்கள் பட்டியலின் கடைசியில் ஒட்டிவிட்டுப் போவதால்தான் இத்தனை செத்த விதிகள் சேர்கின்றன.

வேகமும் வரிசையைப் பொறுத்ததே. ஏற்கெனவே நிலைபெற்ற இணைப்புகளை அனுமதிக்கும் விதி முதலில் இருந்தால், ஓர் இணைப்பின் முதல் பாக்கெட் மட்டுமே முழுப் பட்டியலையும் கடக்கும். பின்னால் வருபவை முதல் வரியிலேயே உள்ளே போய்விடும். அதே விதியைக் கடைசியில் வைத்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் நூற்றுக்கணக்கான வரிகளைத் தாண்டி வர வேண்டும். பிறகு சர்வர் மெதுவாக இருக்கிறது என்று புதிய வன்பொருளுக்குப் பணம் கேட்கிறார்கள்!

ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் ஃபயர்வாலான பிஎஃப்-இல் கதை நேர் எதிர். அங்கே பொருந்துகிற கடைசி விதிதான் செல்லும்; 'குயிக்' என்று குறித்த விதி மட்டும் உடனே முடிவெடுக்கும். லினக்ஸ் பழக்கத்தில் அங்கே போய் விதி எழுதுவது ஆபத்து.

மென்பொருள்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் இயக்கும் டாக்கர் விஷயம் இன்னும் மோசம். வெளியே திறந்துவிட்ட கன்டெய்னர் போர்ட்டுக்கு வரும் பாக்கெட்டின் இலக்கு முகவரி, வடிகட்டும் விதிகளுக்கு முன்பே மாற்றப்படுகிறது. அது ஃபார்வர்ட் சங்கிலி (வேறிடத்துக்குக் கடத்தப்படும் பாக்கெட்டுகளுக்கான விதிப் பட்டியல்) வழியாகப் போய்விடும். யுஎஃப்டபிள்யூ என்ற எளிய ஃபயர்வால் கருவி மூலம் இன்புட் சங்கிலியில் (சர்வருக்கே வரும் பாக்கெட்டுகளுக்கான பட்டியலில்) நீங்கள் போட்ட தடையின் பக்கமே அது வராது. திரையில் 'தடுக்கப்பட்டது' என்று இருக்கும், டேட்டாபேஸ் இணையத்தில் திறந்து கிடக்கும். இதற்கான தடையை 'டாக்கர்-யூசர்' சங்கிலியில் எழுத வேண்டும் என்று டாக்கரின் ஆவணமே சொல்கிறது.

ஆகவே புதிய விதிக்கு ஒப்புதல் கேட்டு வருபவர்களிடம் அந்த ஒற்றை வரியை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். எந்தச் சங்கிலி, எத்தனையாவது வரி, அதற்கு மேலே என்னென்ன இருக்கின்றன என்று முழுப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.