இரும்பு மாதிரி வண்டியாம்!

"அந்தக் காலத்து வண்டிண்ணா, தகடு அவ்ளோ கனம், இரும்பு மாதிரி!" இந்த வார்த்தைய இன்னொரு தடவை யாராவது என் காதுபடச் சொன்னீங்கன்னா, கையப் புடிச்சு இழுத்துட்டுப் போய் என் காரோட கதவுக்குக் கீழ குனிய வெச்சுக் காட்டுவேன். இரும்பு மாதிரியா? இரும்பேதான்யா அது! அதனாலதான் துருப்பிடிச்சுத் தொலையுது!

1991 மாடல் வண்டி. கம்பெனி பேர் வேண்டாம், அப்போ தெருவுக்கு ரெண்டு நின்ன வண்டிதான். 15 வருஷம் தாண்டினதுக்கு அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி., அதாவது வண்டி ஓட்டத் தகுதியா இருக்குன்னு சான்று, காட்டணும். அதுக்காகப் போன திங்கக்கிழமை காட்பாடி ரோட்டுல ஒரு டிங்கர் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன். பட்டறைக்கார பாய் வண்டிக்குக் கீழ சாக்கு விரிச்சுப் படுத்து, ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால கதவுங்களுக்குக் கீழ ஓடற ரன்னிங் போர்டு ஓரமா தட்டிக்கினே வந்தாரு. டங், டங், டங். பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால வந்ததும் சத்தம் "பொத்"துனு மாறிச்சு. எனக்கு அங்கயே வயித்தக் கலக்கிடுச்சு. திருப்பிப் புடிச்சு முனையால ஒரு குத்து குத்தினாரு, அரை டிரைவர் உள்ள போயிடுச்சு. நெம்பினா, உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி பேந்து விழுது.

அதுக்குப் பின்னால என்ன இருந்துச்சு தெரியுமா? நியூஸ் பேப்பர். சுருட்டிச் சுருட்டி அடைச்ச நியூஸ் பேப்பர்! பாய் வெளிய இழுக்க இழுக்க மந்திரவாதி கைக்குட்டை மாதிரி வந்துக்கினே இருக்குது. கடைசித் துண்டுல ஒரு ஜவுளிக் கடையோட ஆடித் தள்ளுபடி விளம்பரம், 2006-ன்னு தெளிவாத் தெரியுது. அந்த வருஷம்தான் முதல் எஃப்.சி.க்காக வேற ஒரு பட்டறையில வேலை பார்த்தேன். "பழைய தகட்ட வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வெல்டிங் அடிச்சிருக்கேன் சார், இனிமே உங்க ஆயுசுக்கும் கவலை இல்ல"ன்னு சொல்லிக் காசு எண்ணி வாங்கினான் அந்த ஆளு. இத்தனை வருஷமா பொண்டாட்டி புள்ளைங்கள ஆடித் தள்ளுபடி மேல உக்கார வெச்சுத்தான் ஊர் ஊரா ஓட்டியிருக்கேன். 11-லயும் 16-லயும் 21-லயும் மேல மேல கருப்பு கோட்டிங் அடிச்சு நானே அத மூடியிருக்கேன். நல்லா இருக்கு இல்ல?

இதுகூடப் பரவாயில்ல. சாயங்காலம் மச்சான் வந்தான். பாத்துட்டு ஒரு வார்த்தை சொன்னான் பாருங்க: "மாமா, நீங்க வண்டியச் சரியா கவனிக்கல. மெயின்டனன்ஸ் பத்தல."

யோவ்! கவனிக்கலையா? வாராவாரம் கழுவித் தொடைச்சவன் நான். மெரினா பக்கம் ஒரு ராத்திரி கூட நிறுத்தினதில்ல. துரு வெளிய தெரியறப்போ மட்டும் ஓனர் தப்பு, ஆனா அது பொறந்த இடத்தப் பத்தி எவனும் வாயே தொறக்க மாட்டான். எனக்குத் தெரியும். ஏன்னா அந்தப் பிரசவ வார்டுல வேலை பார்த்தவன் நான்.

1988-ல ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடிச்சுட்டு ராணிப்பேட்டை சிப்காட்ல ஒரு பிரஸ் ஷாப்ல சேர்ந்தேன். அப்போ எல்லாம் சேர்ந்து ஒரே வட ஆற்காடு மாவட்டம். எங்க ஷாப்புல வண்டிங்களுக்குக் கதவு உள்தகடு, தரைத் தகடு, பிராக்கெட்டுன்னு அடிச்சு, ஸ்பாட் வெல்டிங் பண்ணி, பிரைமர்ல முக்கி அனுப்புவாங்க. இதே வேலைய எத்தனையோ ஷாப்புல பண்ணாங்க, எங்களுது மட்டும்னு இல்ல.

மொதல்ல இந்தத் "தகடு கனம்" பேச்ச முடிச்சு வெச்சுடறேன். நாங்க அடிச்சது 20 கேஜ், 22 கேஜ் சி.ஆர்., அதாவது குளிர உருட்டின இரும்பு ஷீட்டு. கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மி. சரி, கனமான தகடுன்னே வெச்சுக்குங்க. கனமா இருந்தா ஓட்டை விழக் கொஞ்சம் நாள் கூட ஆகும், அவ்வளவுதான். துரு வராம இருக்காது. தண்ணியும் காத்தும் இரும்பும் சேர்ந்தா துரு. அதுல உப்பும் சேர்ந்தா குதிரை வேகம். அலுமினியத்துக்கு மேல பிடிக்கிற படலம் அதையே காப்பாத்தும். இரும்புத் துரு அப்படி இல்ல. பொரிஞ்சு பொரிஞ்சு உதிர்ந்து, அடுத்த அடுக்குக்கு வழி விட்டுக்கினே போகும். இரும்பா இருந்தப்போ பிடிச்ச இடத்த விடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால பெயின்ட்ட உப்ப வெச்சுத் தூக்கிடும். நீங்க வெளிய ஒரு துருப் பொரி பாக்கறப்போ உள்ள கதை முடிஞ்சிருக்கும்.

ஏன் எப்பவும் கதவுக்குக் கீழயும், மட்கார்டு ஓரத்துலயும், ரன்னிங் போர்டுலயும் மட்டும் போகுது? ரூஃபுல ஏன் போகல? அங்கதான் சூட்சுமம். ரெண்டு தகட்ட ஓரத்துல சேர்த்து வெச்சு "டப் டப்"புனு ஸ்பாட் அடிப்போம். அந்த ரெண்டு தகட்டுக்கு நடுவுல ஒரு மயிரிழை இடுக்கு இருக்கும். பிரைமர் கெட்டி, அது அதுக்குள்ள போகாது. ஆனா தண்ணி போகும்! அதுவும் விளக்குத் திரி எண்ணெய உறிஞ்சற மாதிரி தானா உறிஞ்சிக்கும், சீக்கிரத்துல காயாது. ரன்னிங் போர்டோ ரெண்டு பக்கமும் மூடின பெட்டி. வெளியப் பக்கம் பளபளன்னு மூணு கோட்டு பெயின்ட். உள்பக்கம் வெறும் தகடு. கீழ தண்ணி வடியறதுக்கு ஓட்டை வெச்சிருப்பாங்க, அதச் சேறு அடைச்சிடும். வண்டி எப்பவுமே உள்ள இருந்துதான் வெளிய துருப்பிடிக்குது. வெளிய நான் எத்தனை வாரம் தொடைச்சா என்ன?

இப்போ எங்க ஷாப்போட ஏழு தொட்டிக்கு வர்றேன். இந்த லைன்ல இருந்த யாரக் கேட்டாலும் "செவன் டேங்க்"னுவாங்க. மொதல் தொட்டி எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க. ரெண்டாவது அலச. மூணாவது ஆசிட், துரு எடுக்க. மறுபடி அலசல். அஞ்சாவதுதான் பாஸ்பேட். அதுல இருந்து சரியா வந்த தகட்டத் தொட்டுப் பாத்திருக்கீங்களா? சாம்பல் கலர்ல, கையில வெல்வெட்டுத் துணி தடவற மாதிரி இருக்கும். பெயின்ட்டுக்கு வேர் புடிக்க மண்ணு அதுதான். ஆறாவது மறுபடி அலசல், ஏழாவது முடிக்கிற தொட்டி. ஏழும் ஒழுங்கா நடந்தா அந்தத் தகடு நல்லாவே ஓடும்.

ஒழுங்காவா நடந்துச்சு? அலசற தண்ணி சுத்தமா இருக்கணும், உப்பே இருக்கக் கூடாது. எங்களுக்கு எங்கேருந்து தண்ணி? ராணிப்பேட்டை போர் தண்ணி! பாலாத்தங்கரை ஊர்ல தோல் ஷாப்புங்க நடுவுல போட்ட போர். வாயில வெச்சா துப்பற தண்ணி. இந்தத் தோல் கழிவு விவகாரம்தான் டெல்லி சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய் 1996-ல பெரிய தீர்ப்பா வந்துச்சு. நாங்க அந்தத் தண்ணியிலதான் கார் தகட்ட அலசினோம். அதுவும் ஷிஃப்டுக்கு ஒரு தடவை மாத்தணும்னு செவுத்துல எழுதி ஒட்டியிருக்கும். மாசக் கடைசி வந்தா மூணு நாளு அதே தண்ணி, மேல சோப்பு நுரை மிதக்கும். உப்போட அப்படியே காஞ்சு போற தகடு, அதுக்கு மேல பிரைமர். உப்புக்கு மேலயே பெயின்ட் அடிச்சா என்ன ஆகும்? உப்பு உள்ள இருந்து ஈரத்த இழுக்கும், பெயின்ட் கொப்புளம் போடும். இத நான் படிச்சுத் தெரிஞ்சுக்கல. ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்த பிராக்கெட்டுங்கள எண்ணி எண்ணித் தெரிஞ்சுக்கிட்டேன்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், சொல்லாம விட்டா எனக்கே ஆகாது. வெறும் தகட்ட உறை போட்டுத்தான் தொடணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு ஜோடி உறை குடுப்பாங்க, நாலாவது நாளே விரல்ல கிழிஞ்சிடும். மே மாசம், வேலூர்ப் பக்கத்து வெயிலு, மேல ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒடம்பெல்லாம் ஊத்தும். நைட் ஷிஃப்டுல வெறுங்கையால எடுத்து அடுக்கிட்டுப் போவோம். காலையில வந்து பாத்தா தகட்டு மேல அஞ்சு விரலும் உள்ளங்கை ரேகையும் காவிக் கலர்ல பதிஞ்சிருக்கும். வேர்வையில இருக்கற உப்பு. வீட்டுக் கதவுல மஞ்சத் தண்ணியில கை வெப்பாங்களே, அதே மாதிரி. ஒரு தடவை நான் கை வெச்சுப் பாத்தேன், கச்சிதமாப் பொருந்துச்சு. என் கைதான். சூப்பர்வைசர் கிட்ட காட்டினேன். எமரி பேப்பர் எடுத்து ரெண்டு தேய் தேய்ச்சாரு. "லாரி நிக்குதுபா, முக்கு, முக்கு, பெயின்ட் மூடிக்கும்." முக்கினேன். மூடிக்கிச்சு.

ஏதோ அந்தக் காலத்துல உலகத்துல யாருக்கும் தெரியாம நடந்துச்சுன்னு நெனைக்காதீங்க. நல்லாத் தெரியும்! மின்சாரம் பாய்ச்சி மொத்த பாடியையும் பெயின்ட் தொட்டியில முக்கி, இண்டு இடுக்குக்குள்ளயும் பெயின்ட்ட ஒட்ட வெக்கற வித்தைய ஃபோர்டு கம்பெனிக்காரன் 1960-கள்லயே ஆரம்பிச்சுட்டான். அதுல இன்னும் நல்ல வகை, இப்போ சி.இ.டி.ன்னு சொல்றோமே, தகட்ட மின்சாரத்தோட நெகட்டிவ் பக்கமா வெச்சுப் பூசறது, அது 1976-லயே கார் ஃபேக்டரிக்கு வந்துடுச்சு. போர்ஷே 911-க்கு எழுபதுகள் நடுவுலயே துத்தநாகம் பூசின தகடு, ஆடி 100-க்கு எண்பதுகள் நடுவுல மொத்த பாடியுமே. சாதாரண ஜனங்க வாங்கற வண்டிக்குத்தான் எங்க போர் தண்ணி. வெளிநாட்டுலயும் இந்தக் கூத்து இல்லாம இல்ல. லான்சியா பீட்டான்னு ஒரு இத்தாலி வண்டி, இங்கிலாந்துல எஞ்சினத் தாங்கற சட்டமே துருப்பிடிச்சுப் பெரிய நாத்தம் ஆகி, 1980-ல கம்பெனியே வண்டிங்களத் திருப்பி வாங்கிக்க வேண்டியதாப் போச்சு. அங்க திருப்பி வாங்கினான். இங்க நமக்கு யாரு வந்தா? பட்டியும் ஆடித் தள்ளுபடியும்தான்.

அத விட்டுட்டு ஃபேஸ்புக்ல பழைய வண்டிக்குப் பொட்டு வெச்சு மாலை போட்டு, "இப்போ வர்ற வண்டியெல்லாம் தகர டப்பா"ன்னு ஒரு பதிவு. அந்தத் தகர டப்பாவ அஞ்சு வருஷம் கழிச்சுக் குனிஞ்சு பாரு, ஒரு பொரி இருக்காது. இடிச்சா நசுங்கட்டுமே, நசுங்கறதுக்குத்தான் அப்படிச் செஞ்சிருக்கான்.

எங்க வேலூரச் சொல்றப்போ மரமில்லா மலை, தண்ணியில்லா ஆறுன்னு ஒரு வரிசை அடுக்குவாங்க. இவ்ளோ காஞ்ச ஊர்ல துரு எப்படின்னு சென்னைக்காரங்க கேப்பாங்க. வாலாஜா ரோட்டுல உப்புத்தோல் ஏத்தின லாரி பின்னாடி ஒரு தடவை போய்ப் பாருங்க. ரோடு முழுக்க ஒழுக விட்டுக்கினே போகும், அது அத்தனையும் உப்புத் தண்ணி. நம்ம சக்கரம் அத வாரி மட்கார்டுக்குள்ள அடிக்கும். 16 வருஷம் அந்த ரோட்டுலதான் ஷிஃப்டுக்குப் போய் வந்தது இந்த வண்டி. அப்புறம் 2021 நவம்பர்ல தண்ணியில்லா ஆறு தண்ணியோட வந்துச்சு பாருங்க, அந்த மழையில எங்க தெருவுல ரெண்டு நாள் முழங்கால் தண்ணியில நின்னுச்சு. உள்ள இருந்த நியூஸ் பேப்பர் அத எவ்ளோ குடிச்சிருக்கும்னு இப்போதான் யோசிக்கறேன்.

கடைசியா பாய் எழுந்து கையத் தொடைச்சுக்கினே கணக்கு சொன்னாரு. "ரெண்டு பக்கமும் வெட்டி எடுத்து, உள்ள ரெட் ஆக்சைடு அடிச்சு, புதுத் தகடு வெச்சு வெல்டிங் பண்ணா 22,000 ஆகும்ண்ணா, பத்து நாள் வேணும். இல்ல, ஃபைபர் வெச்சுப் பட்டி பாத்துக் கருப்பு அடிச்சுடட்டுமா? 3,500. எஃப்.சி. பாஸ் ஆயிடும், வெளிய தெரியாது."

எஃப்.சி. தேதிக்கு நாலு நாள் இருந்துச்சு. சின்னவன் காலேஜ் ஃபீஸ் கட்டின மாசம் வேற. இவ்ளோ தெரிஞ்சவன், தொட்டித் தண்ணிக்காகச் சூப்பர்வைசர் மேல இன்னிக்கும் பல்லக் கடிக்கறவன், நான் என்ன சொல்லியிருப்பேன்னு நெனைக்கறீங்க?

"மூடிடுங்க பாய்"ன்னுட்டு வந்துட்டேன். திங்கக்கிழமையில இருந்து தூக்கம் வரல.