கேஷும் காசும்

கும்பகோணத்தில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரர் ஆரம்பித்துவிடுகிறார்: "கேஷ்ங்கறதே நம்ம காசுதான் தம்பி!" மறுத்தால் தமிழ்ப் பற்று இல்லையாம். எரிச்சலாக வருகிறது. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகள் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. மூலம் லத்தீன் 'காப்சா', அதாவது பெட்டி. முதலில் பெட்டிக்குப் பெயர், அப்புறம்தான் உள்ளே இருந்த பணத்துக்கு. நம் காசிலிருந்து போனது வேறொரு கேஷ்: போர்த்துகீசியர் வாயில் 'கைஷா' ஆகி, தென்னிந்திய, சீனச் சில்லறை நாணயங்களுக்கு ஆங்கிலத்தில் பெயரானது. அது போதாதா? தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் காலத்துக் காசு வரிவரியாகக் கிடக்கிறது. வாருங்கள், காட்டுகிறேன் என்றால் ஒருவரும் வருவதில்லை.