மூன்று நாள் இருட்டு: வாட்ஸ்ஆப் செய்தி உண்மையல்ல

இயேசுவின் வருகைக்கு நாள் குறித்தாயிற்று, மூன்று நாள் இருட்டு வரும், மந்திரித்த மெழுகுவர்த்தி மட்டுமே எரியும் என்று காரைக்குடி, தேவகோட்டைக் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையல்ல.

அந்த நாளும் வேளையும் தந்தைக்கு மட்டுமே தெரியும் என்கிறது மத்தேயு 24:36. வீட்டு பைபிளிலேயே பார்க்கலாம். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற போதகரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்துக் காத்திருந்தார்கள், ஏமாந்ததுதான் மிச்சம். மூன்று நாள் இருட்டு என்பது தனிநபர்கள் கண்டதாகச் சொன்ன காட்சிகளிலிருந்து வந்த பேச்சு. அத்தகையவை விசுவாசத்தின் பகுதியல்ல என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், எண் 67.

சரி, இயேசுவின் வருகைக்கு ஆயத்தம் எது? மத்தேயு 25-இன் முடிவில் கேட்கப்படுவது பசித்தவருக்குச் சோறு, நோயாளிக்குத் துணை. மெழுகுவர்த்திக் கணக்கு அங்கே இல்லை.

தனியாக இருக்கும் அப்பத்தாக்களுக்கு இதை அனுப்பிப் பயமுறுத்தாதீர்கள். வந்தால் ஃபார்வர்டு செய்யாமல் அழித்துவிடுங்கள்.