18 வயசுப் பையனுக்கு அதற்குள் தீர்ப்பா?

ஐஸ் ஹாக்கி ரசிகர்களிடையே நேற்றும் அதே சண்டை. வட அமெரிக்காவின் என்எச்எல் லீக் அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் மேடையிலிருந்து பையன் இன்னும் இறங்கியிருக்க மாட்டான், அதற்குள் ஒருவர், ஹாக்கியின் மாமேதை பெயரை இழுத்து, "அடுத்த கிரெட்ஸ்கி இவன்தான்" என்கிறார். அக்டோபரில் நாலு ஆட்டம் கோல் விழவில்லையா? அதே வாய் "இவன் தேற மாட்டான், வேறு அணிக்கு டிரேட் பண்ணித் தொலையுங்கள்" என்கிறது. அவனுக்கு வயசு 18 ஐயா! மீசையாவது முளைக்கவிடுங்கள்!

அப்புறம் அந்தப் புள்ளிக் கணக்கு: கோலுக்கும், கோலுக்கு உதவிய பாஸுக்கும் தலா ஒரு புள்ளி. கனடாவின் ஜூனியர் லீகில் தன் வயசுப் பையன்களோடு ஆடி 100 புள்ளி எடுத்தவனையும், ஸ்வீடனில் முப்பது வயசு ஆண்களோடு மோதி, ஆட்டத்துக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைக்காமல் 10 புள்ளி எடுத்தவனையும் ஒரே தராசில் வைக்கலாமா? கோல்கீப்பர் தேறவே பல வருடம் ஆகும். அதற்குக்கூடப் பொறுமை இல்லை.

1993 டிராஃப்டில் முதல் ஆளாக ஒட்டாவா அணி எடுத்த அலெக்சாண்டர் டேகிள் எதிர்பார்த்த உயரத்துக்கு வரவே இல்லை. 1998இல் பாவெல் தட்சுக் 171ஆவது ஆள், 1999இல் ஹென்ரிக் செட்டர்பெர்க் 210ஆவது ஆள். இந்த இருவரும்தான் 2008இல் டெட்ராய்ட் அணி என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியபோது அணியின் தூண்கள். பின்னாளில் பெரிய நட்சத்திரமான மார்ட்டின் செயின்ட் லூயியை டிராஃப்டில் எடுக்கவே ஆள் இல்லை! இளம் வீரர்களைக் கணிப்பதே தொழிலாக இருக்கிற ஸ்கவுட்டுகளே இப்படித் தவறவிட்டார்கள். இரண்டு நிமிட வீடியோ பார்த்த உங்களுக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு நிச்சயம்?