பாயிண்ட் கேப் மாறினால் டைமிங்கும் மாறும்

பழைய பெட்ரோல் கார்களில், பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச்தான் பாயிண்ட்; அது திறக்கும்போதுதான் ஸ்பார்க் வரும். முழுசாகத் திறந்து நிற்கும்போது உள்ள இடைவெளி கேப், ஸ்பார்க் வரும் நேரம் டைமிங். "பாயிண்ட் மாற்றினால் கேப் வைத்தால் போதும், டைமிங்கைத் தொடவே வேண்டாம்" என்று ஒரு அண்ணாச்சி எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி. இரண்டாவதை நம்பி வண்டியை எடுத்தால் சிரமம்தான்.

கேப் கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் அட்வான்ஸ் ஆகிவிடும், அதாவது ஸ்பார்க் முந்தி வரும். குறைந்தால் ரிடார்டு, பிந்தி வரும். பழைய அம்பாசடர் பெட்ரோல் இன்ஜினுக்குக் கேப் 0.014 முதல் 0.016 அங்குலம். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் உள்ள கேமின் மேடு பாயிண்டின் ஃபைபரை (கேமில் உரசும் பகுதி) முழுசாகத் தள்ளி நிற்கும்போதுதான் அளக்க வேண்டும்; ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாக உரசிக்கொண்டு போகணும். ரம்பத் துண்டை நுழைத்துக் குத்துமதிப்பாக வைப்பதெல்லாம் வழியில் நின்றுபோனால் மட்டும்.

அப்புறம் டைமிங். ஓடும் இன்ஜினில் டைமிங் பார்க்கும் டைமிங் லைட் இல்லையா? இக்னிஷன் காயிலிலிருந்து பாயிண்டுக்கு வரும் முனைக்கும் எர்த்துக்கும் (வண்டியின் உலோக உடல்) நடுவே ஒரு 12 வோல்ட் பல்பு மாட்டி, சுவிட்ச் ஆன் செய்து, இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இன்ஜின் முன்பக்கப் புல்லியில் உள்ள டைமிங் குறி சேரும் இடத்தில் பல்பு எரியத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்பைத் தளர்த்தித் திருப்புங்கள்.

டைமிங் தப்பியிருந்தாலும் திருநெல்வேலி டவுனுக்குள் ஓட்டினால் பெரிதாகத் தெரியாதுதான். மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை மலை ஏற்றத்தில் இன்ஜின் தட்டும்போது தெரியும்.

கேமில் துளி கிரீஸ் வைக்க மறக்காதீர்கள். ஃபைபர் தேய்ந்தால் கேப் தானாகவே குறைந்துவிடும்.