படைத்தளத்தை விட வலுவான பிடி டாலர் கணக்கு
வெளிநாட்டுப் படைத்தளங்கள்தான் அமெரிக்கச் செல்வாக்கின் அடித்தளம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. பாதிதான் சரி. தளமே இல்லாத நாடுகளிலும் அந்தக் கை நீளக் காரணம் டாலர். வேறு இரு நாட்டு நிறுவனங்கள் டாலரில் வியாபாரம் செய்தாலும், அவற்றின் வங்கிகள் பெரும்பாலும் நியூயார்க் வங்கிகளில் வைத்திருக்கும் கணக்குகள் வழியாகத்தான் பணம் கைமாறும். சரக்கு அமெரிக்கக் கரையைத் தொடாவிட்டாலும் பணம் அமெரிக்கச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அமெரிக்கத் தடைக்குள்ளான சூடான், ஈரான், கியூபா பரிவர்த்தனைகளுக்காக பிரான்சின் பிஎன்பி பரிபா வங்கி 2014-இல் கிட்டத்தட்ட 900 கோடி டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது இப்படித்தான். இந்தப் பிடியிலிருந்து தப்ப ‘ஸ்விஃப்டுக்கு மாற்று வந்தால் போதும்’ என்கிறார் ஒரு நண்பர். போதவே போதாது. ஸ்விஃப்ட் பெல்ஜியத்திலிருந்து இயங்கும், வங்கிகளுக்கிடையேயான செய்திப் பரிமாற்ற அமைப்பு மட்டுமே. பணம் நகர்வது வங்கிக் கணக்குகளில். அமெரிக்கத் தடைகளுக்கு நடுவிலும் ஈரானோடு வணிகம் தொடர பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி 2019-இல் இன்ஸ்டெக்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கின. டாலரைத் தொடாமல் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கை நேர்செய்யும் நல்ல ஏற்பாடு அது. 2020-இல் மருத்துவப் பொருட்களுக்கு ஒரே ஒரு பரிவர்த்தனை நடந்தது, 2023-இல் மூடிவிட்டார்கள். வழி திறந்திருந்தும், அமெரிக்கச் சந்தையை இழந்துவிடுவோமோ என்று பெரிய வங்கிகளும் நிறுவனங்களும் ஒதுங்கியே நின்றன.